மண்டே நைட்ரோவை முதல் வாரத்திலிருந்து வரிசையாகப் பார்த்தல்: 1997 முடிவு வரையிலான குறிப்புகள்

அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ. 1995 செப்டம்பர் 4 முதல் 2001 மார்ச் 26 வரை டி.என்.டி. அலைவரிசையில் திங்கள் இரவுகளில் ஒளிபரப்பிய மண்டே நைட்ரோ மல்யுத்த நிகழ்ச்சியை, ஒளிபரப்பான வரிசையிலேயே ஒரு வாரமும் விடாமல் பார்ப்பது என்று தொடங்கிய வேலை, இப்போது 1997-ஆம் ஆண்டின் முடிவை எட்டியிருக்கிறது. மீதியைத் தொடங்குவதற்கு முன், இதுவரை கண்டவற்றை எழுதி வைக்கிறேன். அந்தக் காலத்து மல்யுத்தத்தைப் பற்றிப் பேசும்போது, ஹல்க் ஹோகன் வில்லனாக மாறியது, கோல்ட்பர்க் ஹோகனை வீழ்த்தியது, 1999 ஜனவரி 4 அன்று ஹோகனின் ஒரு விரல் பட்டதற்கே கெவின் நேஷ் மல்லாந்து விழுந்தது என்று நான்கைந்து காட்சிகளே திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கு இடைப்பட்ட சாதாரணத் திங்கள் இரவுகளில் என்ன நடந்தது, பார்வையாளர் எதை நம்பி அடுத்த வாரமும் வந்து உட்கார்ந்தார் என்பதை அறிய வேண்டுமானால், முழுவதையும் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

குறிப்பேட்டில் ஒவ்வொரு போட்டிக்கும் மணியடித்ததிலிருந்து முடியும் வரையிலான நேரம், முடிந்த விதம், விளம்பர இடைவேளை வந்த இடம், அப்போது பேசிக்கொண்டிருந்த வர்ணனையாளர்கள் ஆகியவற்றை எழுதுகிறேன். முக்கியமான வாரங்களுக்கு மட்டும், போட்டி நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப். 1993 ஜனவரி 11 முதல் யு.எஸ்.ஏ. நெட்வொர்க்கில் நடத்திவந்த மண்டே நைட் ராவின் அதே இரவு நிகழ்ச்சியை இன்னொரு திரையில் ஓடவிட்டு, இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறேன். இப்போது கிடைக்கும் பிரதிகளில் விளம்பரங்கள் நீக்கப்பட்டிருப்பதால், இடைவேளை வரும் இடங்களைக் கண்டுபிடித்து, அந்த அளவுக்குப் படத்தை நிறுத்தி வைத்தால்தான் இரண்டு நிகழ்ச்சிகளும் ஏறத்தாழ ஒரே கடிகாரத்தில் ஓடும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனாலும் ரிமோட்டைக் கையில் வைத்திருந்த ஒரு பார்வையாளரின் முன் என்னென்ன தேர்வுகள் இருந்தன என்பது இப்படிச் செய்யும்போதுதான் புலப்படுகிறது.

முதல் நிகழ்ச்சி மினசோட்டா மாநிலத்தின் புளூமிங்டனில் உள்ள மால் ஆஃப் அமெரிக்கா வணிக வளாகத்தின் நடுக்கூடத்தில் நடந்தது. விளையாட்டரங்கில் நடக்கும் மல்யுத்தத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வேறு உலகமாகத் தெரிகிறது. கடைகளுக்கு வந்தவர்கள் மேல்தளங்களின் கைப்பிடிச் சுவர்களில் வரிசையாகச் சாய்ந்து கீழே எட்டிப் பார்க்கிறார்கள். கேமரா மேலே திரும்பும்போதெல்லாம் அடுக்கடுக்காக மனிதத் தலைகள் தெரிகின்றன. அதே வளாகத்தில் ஹோகன் தன் பெயரை வைத்துத் தொடங்கிய பாஸ்தா உணவகத்திலிருந்து அவருடைய பேட்டியும் இடம்பெறுகிறது. ஆயினும் என் குறிப்பேட்டில் நீண்ட பத்தியைப் பெற்றது, பிரையன் பில்மனும் ஜப்பானிய வீரர் ஜூஷின் தண்டர் லைகரும் மோதிய முதல் போட்டியே. இவ்விருவரும் 1992 பிப்ரவரி 29 அன்று மில்வாக்கியில் இலகு எடைப் பட்டத்துக்காக மோதியவர்கள் என்பதால், ஒருவர் பாய்ச்சலை மற்றவர் முன்கூட்டியே அறிந்து அதற்கேற்ப நகர்வது அந்தச் சில நிமிடங்களிலேயே தெரிகிறது. பெயர் பெற்ற கனத்த வீரர்களை நம்பித் தொடங்கப்பட்ட ஒரு நிகழ்ச்சி, வேகமான சிறிய உடல்காரர்கள் இருவரை முதலில் அனுப்பியது நல்ல முடிவு என்றே கருதுகிறேன். அந்த வழக்கம் பின்னால் எவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்பதை 1996-ஐ அடைந்தபோது கண்டேன்.

அதே இரவில் ஸ்டிங்கும் ரிக் ஃபிளேரும் மோதிக்கொண்டிருக்கும்போது லெக்ஸ் லூகர் வந்து நிற்கிறார். முந்தைய நாள்வரை எதிர் நிறுவனத்தில் மல்யுத்தம் செய்தவர் அவர். நேரலையில் மட்டுமே சாத்தியமாகும் அதிர்ச்சி இது. அன்று யு.எஸ். ஓபன் டென்னிஸ் ஒளிபரப்பின் காரணமாக ரா இல்லாததால், நைட்ரோ எதிராளி இல்லாத மைதானத்தில் முதல் அடியை எடுத்து வைத்தது.

இரண்டு நிகழ்ச்சிகளும் முதன்முதலாக நேருக்கு நேர் மோதிய செப்டம்பர் 11 இரவைத்தான் நான் இரு திரைகளில் முதலில் பொருத்திப் பார்த்தேன். ராவில் ஷான் மைக்கேல்ஸும் சிட்டும் மோதிய போட்டி முன்பே பதிவு செய்யப்பட்டது. நைட்ரோவைத் தலைமை ஏற்று நடத்தியவரும் அதன் வர்ணனையாளர்களில் ஒருவருமான எரிக் பிஷாஃப், மைக்கேல்ஸ்தான் வெல்கிறார் என்பதைத் தன் நிகழ்ச்சியிலேயே அறிவித்துவிட்டார். இதைப் பற்றி முன்பே படித்திருந்தேன். ஆனால் ஒரு திரையில் முடிவைக் கேட்டுவிட்டு மறு திரையில் அந்தப் போட்டி நடப்பதைப் பார்ப்பது முற்றிலும் வேறு அனுபவம். வீரர்கள் குறையின்றி உழைக்கிறார்கள், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது, எனினும் பார்ப்பவரின் ஆர்வம் கண்ணெதிரே வடிந்துவிடுகிறது. பதிவு செய்து சிக்கனமாக நடத்தும் முறைக்கும், ஒவ்வொரு வாரமும் செலவு செய்து நேரலையாக நடத்தும் முறைக்கும் இடையிலான போட்டியாகவே அந்த முதல் ஆண்டு எனக்குத் தோன்றுகிறது. டிசம்பர் 18 அன்று வீராங்கனை மதூசா, டபிள்யூ.டபிள்யூ.எஃப். மகளிர் பட்டத்தின் பெல்ட்டை நைட்ரோவுக்கே எடுத்து வந்து குப்பைத் தொட்டியில் போட்டது இதே உத்தியின் கூர்மையான வடிவம். அதன்பின் 1998 வரை அந்தப் பட்டத்துக்கே ஆள் நியமிக்கப்படவில்லை.

1996 மே 27, ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரம். நைட்ரோ இரண்டு மணி நேரமாக நீட்டிக்கப்பட்ட முதல் இரவு அது. மைக் ஈனோஸும் ஸ்டீவ் டாலும் மோதிய, யாரும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லாத ஒரு போட்டியின் நடுவே, டெனிம் உடையில் ஸ்காட் ஹால் கூட்டத்துக்குள்ளிருந்து தடுப்பைத் தாண்டி வருகிறார். அறிமுக இசை கிடையாது. பெயர் திரையில் ஓடவில்லை. சண்டையிட்டுக்கொண்டிருந்த இருவரும் கையை விட்டுவிட்டு நிற்கிறார்கள். அவர் ஒலிவாங்கியை வாங்கி, தான் யார் என்பது எல்லோருக்கும் தெரியும், ஏன் வந்திருக்கிறேன் என்பது தெரியாது என்ற பொருளில் பேசத் தொடங்குகிறார். இந்தக் காட்சியைத் தனித் துண்டாகப் பலமுறை பார்த்திருந்தும், எட்டு மாதத்து நைட்ரோவை வரிசையாகப் பார்த்துவிட்டு இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோதுதான் அதன் பலம் விளங்கியது. அதுவரை ஒவ்வொரு வருகைக்கும் இசையும் புகையும் வாணவேடிக்கையும் இருந்தன. அவை எதுவும் இல்லாமல் ஒருவர் நடந்து வருவதே விதிமீறலாகத் தெரிகிறது. அதே இரவின் முடிவில் அவர் வர்ணனையாளர் மேசைக்கே வந்து பிஷாஃபிடம் நேரில் சவால் விடுகிறார். டபிள்யூ.டபிள்யூ.எஃப்.-இல் அவர் ஏற்றிருந்த ரேசர் ராமோன் பாத்திரத்தின் சாயலை இங்கே பயன்படுத்துகிறார்கள் என்று அந்த நிறுவனம் பின்னர் வழக்கே தொடுத்தது என்பதிலிருந்து, அந்த நடை எவ்வளவு நம்பத்தக்கதாக இருந்தது என்பதை ஊகிக்கலாம்.

இரண்டு மணி நேரமானதும் நிகழ்ச்சியின் உள்ளமைப்பே மாறியது. முதல் மணி நேரத்துக்கு டோனி ஷியாவோனியும் லாரி ஸ்பிஸ்கோவும், இரண்டாம் மணி நேரத்துக்கு பிஷாஃபும் பாபி ஹீனனும் என்று வர்ணனையாளர்கள் பிரித்து அமர்த்தப்பட்டார்கள். அமெரிக்கக் கிழக்கு நேரப்படி ஒன்பது மணிக்கு, அதாவது ரா தொடங்கும் அதே கணத்தில், நைட்ரோவில் வாணவேடிக்கை வெடிக்கிறது. இரு திரைகளையும் பொருத்திப் பார்க்கும்போது இந்த ஏற்பாடு மிகத் தெளிவாகத் தெரிகிறது. ராவின் முதல் நிகழ்ச்சியில் அரங்கத்துக்குள் நுழைய முடியாமல் வேடம் மாற்றி மாற்றி முயன்ற அதே ஹீனன், இப்போது எதிர்ப்பக்க மேசையில் அமர்ந்திருப்பதைக் காண்பது, அவர் குரலை விரும்பும் எனக்குத் தனி மகிழ்ச்சி.

ஜூலை 7 அன்று ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் ஹோகன் வில்லனாக மாறியதைத்தான் எல்லோரும் அந்த மாதத்தின் செய்தியாகச் சொல்வார்கள். என் குறிப்பேட்டில் அதற்கு அடுத்த நாளுக்கே முதலிடம். ஆர்லாண்டோவில் டிஸ்னி-எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் நடந்த அந்த நைட்ரோவில் ரே மிஸ்டீரியோ ஜூனியர், டீன் மலெங்கோவிடமிருந்து எடை குறைந்த வீரர்களுக்கான குரூசர்வெயிட் பட்டத்தைப் பெற்றார். மலெங்கோ எதிராளியின் ஒரு கையையோ காலையோ தேர்ந்தெடுத்து, அதை மட்டுமே நிதானமாக வருத்திக்கொண்டு போகும் வீரர். மிஸ்டீரியோ ரிங்கின் வெளி விளிம்பிலிருந்து மேல் கயிற்றில் ஒரு கணம் கால் ஊன்றி, அடுத்த கணம் எதிராளியின் தோளில் அமர்ந்து அவரைச் சுழற்றி எறிபவர். ஒருவர் தரையில் பிடித்து வைக்கப் பார்க்க, மற்றவர் தரையை விட்டு எழப் பார்க்கும் இந்தப் போராட்டத்துக்குக் கதை எதுவும் சொல்லத் தேவையில்லை. மெக்சிகோ வீரர்களின் பின்னணியையும் அவர்கள் வித்தைகளின் பெயர்களையும் வர்ணனையாளர் மைக் டெனே பொறுமையாக விளக்குவதும் பெரிய உதவி. எடி குரேரோ, ஹுவென்டூட் குரேரா, சைக்கோசிஸ், ஜே-கிரவுன் எனப்படும் எட்டுப் பட்டங்களின் பெல்ட்டுகளோடு வந்த ஜப்பானியர் அல்டிமோ டிராகன் என்று இந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. நைட்ரோவை இன்று பார்க்க விரும்பும் ஒருவர் என்னிடம் வழி கேட்டால், 1996, 1997 ஆண்டுகளின் முதல் மணி நேரங்களை மட்டும் பார்த்தாலும் போதும் என்பேன்.

மூன்று வாரம் கழித்து, ஜூலை 29 அன்று, அதே டிஸ்னி வளாகத்தில் நேஷும் ஹாலும் மேடைக்குப் பின்னால் வாகனங்கள் நிற்கும் இடத்தில் வீரர்களை அடித்து வீழ்த்துகிறார்கள். உதவிக்கு மேலிருந்து பாய்ந்த மிஸ்டீரியோவை நேஷ் காற்றிலேயே பிடித்து, தோளுக்கு நேராகக் கிடையாகத் தூக்கி, டிரெய்லரின் பக்கவாட்டுச் சுவர் மீது தலை முன்னே இருக்கும்படி வீசுகிறார். கேமரா கையில் பிடித்தபடி ஓடுகிறது. ஒளி சரியாக இல்லை. அடிபட்டவர்களைச் சுற்றிப் பல குரல்கள் ஒரே நேரத்தில் கத்துகின்றன. ரிங்கில் நடந்துகொண்டிருந்த போட்டி பாதியில் கைவிடப்படுகிறது. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் ஆடிய டபிள்யூ.டபிள்யூ.எஃப். சீட்டுகளில் உயரம், எடை, மார்பளவு ஆகிய எண்கள்தான் வெற்றியைத் தீர்மானித்தன. அந்தக் கணக்கில் மிஸ்டீரியோ எந்தச் சுற்றிலும் தோற்றிருப்பார். ஏறத்தாழ ஏழடி என அறிவிக்கப்பட்ட ஒருவர், ஐந்தரை அடி உயரத்தவரை வீசும் இந்தக் காட்சியும் அந்தக் கணக்கையே உறுதி செய்கிறது. ஆனால் அதே நிகழ்ச்சியின் முதல் மணி நேரங்களில் அந்தக் கணக்கு பலமுறை முறிக்கப்பட்டதும் உண்மை. இந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்ததுதான் அந்த ஆண்டின் நைட்ரோவுக்கு உயிர் என்று எனக்குப் படுகிறது.

குறைகளையும் எழுத வேண்டும். 1996 இலையுதிர் காலத்துக்குப் பின், போட்டி முடிந்த விதத்தைக் குறிக்கும் பகுதியில் ஹோகன், ஹால், நேஷ் ஆகியோரின் நியூ வேர்ல்ட் ஆர்டர் குழுவினரின் குறுக்கீடு என்று எழுதி எழுதிக் கை சோர்ந்தது. தோள்கள் தரையில் பட, நடுவர் மூன்று எண்ணி முடியும் பெரிய போட்டிகள் அரிதாகிவிட்டன. இது திடீரென்று வந்த நோயன்று. இரண்டாம் வாரத்து ஹோகன்–லூகர் போட்டியே வெளியாட்களின் குறுக்கீட்டில்தான் குலைந்தது. முடிவைத் தள்ளிப்போட்டால் மாதாந்திரக் கட்டண நிகழ்ச்சிக்கு ஆள் சேரும் என்ற கணக்கு அப்போதைக்குப் பலித்தது. 1996 கோடையில் தொடங்கி 83 வாரம் நைட்ரோ பார்வையாளர் எண்ணிக்கையில் முன்னிலை வகித்தது. ஆயினும் தொடர்ந்து பார்க்கும்போது, வாக்குக் கொடுத்ததைத் தராமல் ஒத்திவைக்கும் பழக்கம் மெல்ல மெல்ல இறுகுவது தெரிகிறது.

அந்தப் பழக்கம் அழகாக வேலை செய்த ஒரே இடம் ஸ்டிங்கின் கதை. 1996 செப்டம்பரில் தன் தோழர்களே தன்னைச் சந்தேகித்ததும், கூட்டத்துக்கு முதுகைக் காட்டிப் பேசிவிட்டுப் போன அவர், அக்டோபர் இறுதியில் முகத்தை வெள்ளை பூசிக் கறுப்பு உடையில் திரும்பினார். அதன்பின் 1997 டிசம்பர் 28 அன்று வாஷிங்டனில் ஹோகனை எதிர்கொள்ளும் வரை தொலைக்காட்சியில் ஒரு போட்டியிலும் இறங்கவில்லை. அரங்கத்தின் கூரைச் சட்டங்களுக்கிடையே நிற்கிறார், கயிற்றில் இறங்குகிறார், பேஸ்பால் மட்டையால் ஒருவர் நெஞ்சைத் தொட்டு நிற்கிறார்; பேச்சு இல்லை. வாரந்தோறும் கூட்டம் தானாகவே மேலே பார்க்கத் தொடங்குவதை 1997 முழுவதும் காணலாம். வர்ணனையாளர்கள் சுட்டிக்காட்டுவதற்கு முன்பே ரசிகர்களின் கைகள் கூரையை நோக்கி உயர்கின்றன.

அடுத்த கட்டம் 1998. ஜனவரி இறுதியிலிருந்து நிகழ்ச்சி மூன்று மணி நேரமாக நீள்வதால், ஒரு வாரத்து நைட்ரோவை ஒரே அமர்வில் முடிப்பது கடினம். ஒவ்வொரு மணி நேரத்தையும் தனி மாலையில் பார்க்க எண்ணியிருக்கிறேன். ரா மீண்டும் முன்னிலைக்கு வந்த ஏப்ரல் 13 இரவை இரு திரைகளில் பொருத்துவதற்கான இடைவேளைக் குறிப்புகளைத் தயாரித்து வருகிறேன். 1997 செப்டம்பர் 22 அன்று ஹ்யூ மோரஸைச் சில நிமிடங்களில் வீழ்த்தி அறிமுகமான கோல்ட்பர்க்குக்கு மட்டும் குறிப்பேட்டில் தனிப் பக்கம் திறந்திருக்கிறேன். 1998 டிசம்பர் 27 அன்று நேஷிடம் தோற்கும் வரை அவர் பெற்றதாக அறிவிக்கப்பட்ட வெற்றிகள் 173. திரையில் காட்டப்பட்ட வெற்றிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனால், வர்ணனையாளர்கள் சொல்லும் எண் எந்த வாரத்தில் அதைவிட்டு விலகத் தொடங்குகிறது என்பதை அந்தப் பக்கத்தில் குறித்துவிட முடியும்.