காலையில் மட்டும் கேட்ட செயின் சத்தம்

2023 டிசம்பரில் ஒருநாள் காலை ஐந்தே முக்காலுக்குக் காரை எடுத்தபோதுதான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். சாவியைத் திருப்பியதும், தளர்ந்துபோன சைக்கிள் செயின் கார்டில் இடிப்பதைப் போல ‘கடகட’வென்று ஒரு சத்தம். இரண்டு விநாடிதான் இருக்கும். பிறகு எஞ்சின் வழக்கம்போல ஓடியது. அன்று பத்து மணிக்குத் திரும்ப எடுத்தபோது சத்தம் இல்லை, மதியமும் இல்லை. மறுநாள் காலை மீண்டும் வந்தது.

கார் அப்போது 88,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், நான்கு சிலிண்டர். வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூட வைக்க டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். நான் கோவை கணபதியில் பம்ப் செட் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகச் சுழலும் இயந்திரங்களின் சத்தத்தோடுதான் வாழ்க்கை. பேரிங் போகும் சத்தமும் இம்பெல்லர் உரசும் சத்தமும் எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். ஆனாலும் கார் எஞ்சின் என்று வந்தால், தெரிந்தவர் சொல்வதைக் கேட்பதுதான் முறை என்று மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் இளைஞர், கைச்சுத்தமான வேலைக்காரர். ஒரு இரவு காரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். காலையில் கேட்டுவிட்டு, “செயின் சத்தம்தான் அண்ணா. இப்போதிருக்கும் 5டபிள்யூ-30 ஆயில் இந்த வயதுக்குத் தண்ணீர் மாதிரி. 10டபிள்யூ-40 ஊற்றிவிடலாம், அடங்கிவிடும்” என்றார். பின்னால் வரும் எண் பெரிதானால், சூட்டில் ஆயில் கூடுதல் கெட்டி என்று பொருள். கையேட்டை எடுத்துப் பார்த்தேன். வெப்பநிலை அட்டவணையில் 10டபிள்யூ-40-உம் இருந்தது. சரி என்றேன். ஆயிலையும் ஃபில்டரையும் சேர்த்து மாற்றினார். மறுநாள் காலை துளிச் சத்தம் இல்லை.

அந்த மகிழ்ச்சியில் நான் செய்த ஒரு காரியம்தான் இதை எழுத வைக்கிறது. உடுமலையில் இருக்கும் என் தங்கை வீட்டுக்காரரும் அதே கார்தான் வைத்திருக்கிறார். 1,40,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி, அதே சத்தம். “மாப்பிள்ளை, யோசிக்காதீர்கள், நாற்பதுக்கு மாறிவிடுங்கள்” என்று போனில் சொன்னேன். அவரும் மாறினார். சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது என்று நன்றி சொன்னார்.

2024 ஆகஸ்டில் திருச்செந்தூர் போய் வரும் வழியில் ஆயில் மாற்றும் நேரம் வந்துவிட்டது. சாலையோரக் கடை ஒன்றில் நிறுத்தினேன். ஆயில் என்னிடமே இருந்தது, அதே 10டபிள்யூ-40, அதே கம்பெனி. ஃபில்டரை மட்டும் அங்கே வாங்கிப் போட்டேன். பதினைந்து நாளில் காலைச் சத்தம் திரும்பி வந்துவிட்டது. டிப்ஸ்டிக்கில் அளவு மேல்கோட்டில் இருந்தது.

ஆயில் மாறவில்லை, சத்தம் வந்துவிட்டது. அப்படியென்றால் எட்டு மாதத்துக்கு முன் சத்தத்தை நிறுத்தியது ஆயில்தானா? அன்று இரண்டையும் ஒன்றாக மாற்றியிருந்தோமே! பட்டறையில் ஒரு மோட்டாருக்கு ஒரே சமயத்தில் கெப்பாசிட்டரையும் பேரிங்கையும் மாற்றிவிட்டு, ‘கெப்பாசிட்டரால் சரியாயிற்று’ என்று என் பையன்கள் சொன்னால் விடமாட்டேன். என் காரில் அதையேதான் செய்திருந்தேன்.

அன்றிரவு உட்கார்ந்து முதலிலிருந்து யோசித்தேன். ஆயில் எப்போது மிகவும் நீர்த்திருக்கும்? எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு. வாகனப் பொறியாளர்கள் அமைப்பான எஸ்ஏஇயின் விதிப்படி 30 என்று குறித்த ஆயில், 100 டிகிரி செல்சியஸில் 9.3-க்கும் 12.5-க்கும் இடைப்பட்ட சென்டிஸ்டோக்ஸ் கெட்டித்தன்மை காட்ட வேண்டும். 40 என்றால் 12.5-இலிருந்து 16.3 வரை. அதே 30 ஆயில் 40 டிகிரியிலேயே 60-ஐ ஒட்டி இருக்கும். கோவையின் டிசம்பர் காலை 20 டிகிரியில் இன்னும் கெட்டி, சூட்டில் இருப்பதைப் போல பத்து மடங்குக்கு மேல். ‘தண்ணீர் மாதிரி’ என்று சொன்ன 5டபிள்யூ-30, காலையில் சாவியைத் திருப்பும் நேரத்தில், சூடான எந்த நாற்பதையும்விடப் பலமடங்கு கெட்டியாக இருக்கிறது. நீர்த்துப்போனதுதான் குறை என்றால் சத்தம் மதிய வெயிலில், சிக்னலில் நிற்கும்போது அல்லவா வர வேண்டும்? முன்னால் வரும் டபிள்யூ எண் கடுங்குளிருக்கானது, அதற்கும் இங்கே பேச்சே இல்லை. 10டபிள்யூ ஆயிலுக்கான பம்ப் சோதனையே மைனஸ் 30 டிகிரியில் செய்வது. வால்பாறைக் குளிர்கூட அதன் பக்கத்தில் வராது.

குறை கெட்டித்தன்மையில் இல்லை. அந்த இரண்டு விநாடி, ஆயில் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

இது புரிந்ததும் அப்பாவின் கிணறு நினைவுக்கு வந்தது. கரை மேல் இருக்கும் மோட்டாருக்கு, கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் ஃபுட் வால்வு இருக்கும். அதன் ரப்பர் சரியாகப் படிந்தால் குழாயில் ஏறிய தண்ணீர் இரவெல்லாம் நிற்கும். காலையில் பட்டனை அழுத்தியதும் தண்ணீர் வரும். ரப்பர் போய்விட்டால் தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். காலையில் குடம் குடமாக ஊற்றிக் காற்றை வெளியேற்றாமல் மோட்டார் தண்ணீர் எடுக்காது. அதற்காக யாரும் மோட்டாரையோ தண்ணீரையோ மாற்றுவதில்லை.

எஞ்சினிலும் இதே கதைதான். கிராங்க்ஷாஃப்டிலிருந்து கேம்ஷாஃப்டுக்குப் போகும் செயினை, ஒரு பக்கத்தில் டென்ஷனர் தள்ளிப் பிடித்திருக்கிறது. உள்ளே ஒரு சிறிய ஸ்பிரிங் உண்டு, ஆனால் முக்கியமான பலம் ஆயில் அழுத்தம்தான். எஞ்சின் நின்றதும் அழுத்தம் போகிறது. டென்ஷனரின் செக் வால்வும், ஃபில்டருக்குள் இருக்கும் திரும்பு தடுப்பு ரப்பரும் ஆயிலைப் பிடித்து வைத்தால், காலையில் முதல் சுற்றிலேயே செயின் விறைப்பாக நிற்கும். பிடிக்காவிட்டால், பம்ப் காலியான ஃபில்டரையும் பாதைகளையும் நிரப்பி முடிக்கும்வரை செயின் ஆடும். அந்த நிலையில் கெட்டி ஆயில் சற்று மெதுவாக வடியும் என்பது உண்மை. ஆனால் எட்டு மணி நேரம் கிடைத்தால் அதுவும் வடிந்துவிடும்.

மறுநாள் காலை, எஞ்சினை எழுப்பாமல் ஃபில்டரைக் கழற்றினேன். என் வண்டியில் அது வாய்ப்பக்கம் சற்றுக் கீழே சரிந்து உட்கார்ந்திருக்கிறது. நல்ல ஃபில்டராக இருந்தால் கழற்றும்போது கையெல்லாம் ஆயிலாகும். இதில் இரண்டு ஸ்பூன்கூட வரவில்லை. வாயைச் சுற்றியுள்ள சிறிய துளைகளுக்குள் டார்ச் அடித்து, மெல்லிய கம்பியால் ரப்பரை அழுத்திப் பார்த்தேன். ஒரு பக்கம் தகட்டோடு ஒட்டிப் படிந்திருந்தது. மறுபக்கம் ஓரம் சுருண்டு, தீக்குச்சித் தலை நுழையும் அளவுக்கு இடைவெளி. கம்பியை எடுத்த பிறகும் அழுத்திய பள்ளம் அப்படியே நின்றது. சைக்கிள் வால்வு டியூப் வெயிலில் கிடந்து பழசானால் எப்படியோ, அப்படி. பழைய ஃபில்டர்களில் ஒன்று பட்டறை மூலையில் கிடந்தது. அதன் ரப்பரை அழுத்தினேன். விட்டதும் ‘பட்’டென்று திரும்பி உட்கார்ந்தது.

கம்பெனி ஃபில்டர் வாங்கினேன். இந்த முறை ஒன்றை மட்டும்தான் மாற்றினேன். ஆயில் அப்படியே. முதல் நாள் காலை சத்தம் இல்லை. தினசரி காலண்டர் தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். இருபது காலை, சத்தம் இல்லை. அதன் பிறகு நாற்பதை வடித்துவிட்டு, அந்த ஃபில்டரையே வைத்துக்கொண்டு 5டபிள்யூ-30 ஊற்றினேன். மீண்டும் இருபது காலை. அப்போதும் இல்லை.

கெட்டி ஆயிலே தவறு என்று நான் சொல்லவில்லை. கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள், நன்றாகத் தேய்ந்த எஞ்சினில் சூடான ஐடிலில் அழுத்தம் குறைகிறது என்றால் நாற்பது உண்மையாகவே உதவும். வால்வு டைமிங்கை ஆயில் அழுத்தத்தாலேயே திருப்பும் எஞ்சின்களில் மட்டும் கவனம் வேண்டும், அந்த அமைப்பின் பூட்டு ஊசி தேய்ந்தாலும் காலையில் இதே போன்ற சத்தம் வரும்.

எனக்கு உறுத்தலாக இருந்தது மாப்பிள்ளையின் வண்டி. உடனே போன் செய்தேன். “சத்தம் இன்னும் பாதிதான் மச்சான், நன்றாகத்தான் ஓடுகிறது” என்றார். “இல்லை, ஃபில்டரை மாற்றிப் பாருங்கள்” என்றேன். மாற்றினார், ஒரு வித்தியாசமும் இல்லை. அப்படியானால் விஷயம் செயினில்தான். “கொண்டு வாருங்கள், நான் சொன்ன வைத்தியம் தவறு” என்றேன். 2025 ஜனவரியில் எங்கள் மெக்கானிக்கிடம் கொடுத்து, எஞ்சினில் செயினை மூடியிருக்கும் மூடியைத் திறந்தோம்.

டென்ஷனரின் தண்டு ஏறக்குறைய முழுக்க வெளியே வந்து நின்றது. இனித் தள்ள இடமில்லை. செயின் ஓடும் பிளாஸ்டிக் கைடில் இரண்டு கோடுகள், விரல் நகம் இறங்கும் ஆழத்துக்கு. பழைய செயினையும் புதியதையும் செய்தித்தாள் மேல் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தார். பழையது அரைக் கண்ணி கூடுதல் நீளம். செயின் நீள்கிறது என்று சொல்கிறோமே தவிர, இரும்பு நீள்வதில்லை. ஒவ்வொரு பின்னும் புஷ்ஷும் துளித் துளியாகத் தேய்ந்து எல்லாம் கூடித்தான் இந்த அரைக் கண்ணி. பிறகு இரண்டையும் பக்கவாட்டில் கிடையாகப் பிடித்துக் காட்டினார். புதியது விறைப்பாக நின்றது. பழையது கையிலிருந்து வில்லாக வளைந்து தொங்கியது.

மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்: அந்தப் பாதிச் சத்தம் ஓர் எச்சரிக்கை, அதை ஒரு வருடம் மறைத்து வைத்தது என் ஆலோசனை. இந்த எஞ்சினில் செயின் இரண்டு பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதும். தங்கையும் பிள்ளைகளும் அந்த வண்டியில்தான் பழனிக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

செயின், கைடுகள், டென்ஷனர் எல்லாம் மாற்றி, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) எஸ்பி தரத்தில் 5டபிள்யூ-30 ஊற்றினோம். அந்தத் தரம் 2020-இல் வந்தது. டைமிங் செயின் தேய்மானத்துக்கென்றே அதில் ஒரு சோதனை சேர்த்திருக்கிறார்கள். கரியும் பெட்ரோலும் கலந்த பழைய ஆயில்தான் செயினின் பின்களை அரைக்கும் என்பதால், மாப்பிள்ளை இனி 10,000 வரை காத்திருப்பதில்லை. குறுகிய தூரம் ஓடும் வண்டி என்பதால் 7,500-இல் மாற்றிவிடுகிறார்.

என் வண்டி இப்போது 1,06,000. பொங்கலுக்கு ஒன்பது நாள் நின்றிருந்து எடுத்தபோது அரை விநாடி சத்தம் கேட்டது. மறுநாள் இல்லை. காலண்டர் தாளில் தேதியோடு குறித்திருக்கிறேன். ஓரிரவு நின்றாலே கேட்கத் தொடங்கினால், ஆயில் கடைக்குப் போகமாட்டேன், மூடியைத் திறக்கச் சொல்வேன்.