எந்தத் தேதியின் விலை?

வீடுகளுக்கு விலை மதிப்பிடுவது என் வேலை. வங்கிக் கடனுக்காக மதிப்பிடப் போகும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே ஆசைதான், விலை கூட வர வேண்டும். விவாகரத்துக்காகப் போகும் வீடு அப்படியில்லை. வீட்டைத் தானே வைத்துக்கொண்டு மற்றவருக்குப் பங்குப் பணம் கொடுக்கப் போகிறவருக்கு விலை குறைய வேண்டும், பணம் வாங்கிக்கொண்டு வெளியேறுகிறவருக்கு ஏற வேண்டும். ஒருவர் கூடவே நடந்து சுவரில் ஊறிய ஈரத்தைக் காட்டுவார். இன்னொருவர் போன் செய்து, புதுச் சமையலறையைப் பார்த்தீர்களா என்பார். பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும். இரண்டையும் குறித்துக்கொண்டு படமெடுத்துக்கொள்வேன்.

வெளியே பார்ப்பவர்களுக்கு இது விலைச் சண்டை. நான் பார்த்தவரை பாதிச் சண்டை தேதியைப் பற்றியது. பிரிந்த நாளின் விலையா, வழக்குப் போட்ட நாளின் விலையா, தீர்ப்பை ஒட்டிய விலையா? அதைச் சட்டமும் நீதிமன்றமும் சொல்ல வேண்டும், இல்லை இருவரும் பேசி முடிவு செய்ய வேண்டும். வழக்கு இழுத்துக்கொண்டே போய், இடையில் சந்தை ஏறிவிட்டால் ஒரே வீட்டுக்கு இரண்டு சரியான விலைகள் இருக்கும். பழைய தேதிக்கு மதிப்பிடச் சொன்னால் அப்போதைய விற்பனைகளையும் அப்போது வீடு இருந்த நிலையையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் மாற்றிய கூரையைச் சேர்க்கக் கூடாது. அதனால் டேப்பைக் கையில் எடுக்கும் முன்பே தேதியை எழுத்தில் வாங்கிவிடுவேன்.

குளியலறைக்குச் செலவழித்த ரசீதுகளைக் கட்டாக நீட்டுபவர்கள் உண்டு. செலவு அப்படியே விலையில் ஏறாது. அக்கம்பக்கத்தில் விற்ற, ஏறக்குறைய இதே அளவும் வயதும் உள்ள வீடுகளை எடுத்து, வித்தியாசங்களுக்குக் கூட்டிக் கழித்துத்தான் ஒரு தொகைக்கு வருகிறோம். வாங்க வருகிறவர் அந்தக் குளியலறைக்காக எவ்வளவு கூடக் கொடுப்பார் என்பதுதான் கணக்கு. இதைச் சொன்னதும் முகம் வாடிவிடும். விடுமுறை நாளெல்லாம் தன் கையால் பூசி, வண்ணம் அடித்தவரிடம் இதை எப்படிச் சொன்னாலும் கடுமையாகத்தான் கேட்கிறது. அந்த உழைப்புக்குத் தனிப் பங்கு உண்டா என்று வக்கீலிடம்தான் கேட்க வேண்டும்.

கடன் பாக்கியைக் கழித்தீர்களா என்றும் கேட்பார்கள். சந்தை மதிப்பில் கடன் வராது, பங்கு பிரிக்கும்போதுதான் அதைக் கழிப்பார்கள்.

சிலர் கதவையே திறக்க மாட்டார்கள். அப்போது வெளியிலிருந்து பார்த்து, உள்ளே சுமாரான நிலையில் இருப்பதாக வைத்துக்கொண்டு, அந்த அனுமானத்தை அறிக்கையில் சொல்லி எழுதலாம். உள்ளே இருப்பவர்தான் பெரும்பாலும் விலை குறைய வேண்டும் என்று நினைப்பவர். குறைக்கக்கூடிய ஈரமும் விரிசலும் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் கிடக்கின்றன!

இருவரும் சேர்ந்து ஒரே மதிப்பீட்டாளரை வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கட்சி. ஆளுக்கொருவரை வைத்தால் செலவும் இரட்டிப்பு, இரண்டு தொகைகளுக்கு நடுவில் எது சரி என்று வாதாடும் நாட்களும் கூடும். ஒரு தரப்பு மட்டும் என்னை அமர்த்தியிருந்தால் அறிக்கை அவருக்குத்தான். மற்றவர் போன் செய்து எவ்வளவு வந்தது என்று கேட்டால் சொல்ல முடியாது. பத்திரத்தில் என் பெயரும் இருக்கிறதே என்று கோபப்படுவார்கள். நியாயம்தான். உங்கள் வக்கீல் மூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைப்பேன்.