இரண்டாவது கோல் விழுந்த பிறகு

கல்லூரிக் கால்பந்து அணியில் மூன்று வருடம் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரனாக, ஆடினேன். ஜெயித்த ஆட்டங்களைவிடத் தோற்றவைதான் அதிகம். அந்த நாட்களிலிருந்து ஒன்று மட்டும் இன்னும் அப்படியே காதில் இருக்கிறது. முதல் கோல் வாங்கினால் எல்லாரும் கத்துவோம். "பரவாயில்ல, விடு, ஏறு ஏறு!" இரண்டாவது கோல் விழுந்ததும் சத்தம் நின்றுவிடும். வலைக்குள் கிடக்கும் பந்தைக் கோல்கீப்பர் தனியாகப் போய் எடுத்து வருவான். யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டோம். குனிந்து பூட்ஸ் லேஸைச் சரிசெய்வோம். அது அவிழ்ந்தே இருக்காது.

அந்த அமைதியைத் தெரிந்தவர்கள் எடுத்த அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) என்று நான் நம்புவது 'ஜயண்ட் கில்லிங்'. 2010-இல் வந்தது, 26 எபிசோடுகள். போன வாரம் மூன்றாவது முறையாக முடித்தேன்.

கதை ஈஸ்ட் டோக்கியோ யுனைடெட் என்ற கற்பனைக் கிளப்பைப் பற்றியது. சுருக்கமாக ஈடியூ. ஜப்பானின் முதல் டிவிஷனில் அடிமட்டத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் அணி. ஏற்கெனவே ஒருமுறை இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கி, தட்டுத்தடுமாறித் திரும்பி வந்தவர்கள். அவர்களைத் தூக்கி நிறுத்த தட்சுமி தகேஷி என்ற பழைய வீரரைப் பயிற்சியாளராகக் கூப்பிடுகிறார்கள். 35 வயது. ஒரு காலத்தில் ஈடியூவின் நட்சத்திரம். அணியை விட்டு இங்கிலாந்துக்குப் போனவர். ரசிகர்கள் அதை இன்னும் மன்னிக்கவில்லை. திரும்பி வரும்போது அவர்கள் கண்ணில் அவர் துரோகி.

இங்கிலாந்தில் அவர் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தது கீழ்மட்ட டிவிஷனில் ஆடும் குட்டி அணி ஒன்றுக்கு. சிறிய அணிகளும் பெரிய அணிகளும் சேர்ந்து ஆடும் எஃப்.ஏ. கோப்பையில் பெரிய கிளப்போடு மோதுகிற ஊர்ப்பேர் தெரியாத அணி. தலைப்பும் அந்த உலகத்துச் சொல்தான்: சின்ன அணி பெரிய அணியைச் சாய்த்தால் அது ஜயண்ட் கில்லிங். 1972-இல் லீக்கிலேயே இல்லாத ஹெரெஃபோர்டு, முதல் டிவிஷன் நியூகாசிலை 2-1 என்று வீழ்த்தியதை அங்கே இன்றும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். தட்சுமிக்கு இதைவிட இனிப்பான விஷயம் கால்பந்தில் கிடையாது.

சரி, இதுவரை கேட்டால் வழக்கமான கதை போலத்தான் இருக்கும். வித்தியாசமான பயிற்சியாளர் வருவார், உணர்ச்சிகரமாகப் பேசுவார், பையன்கள் அழுவார்கள், ஜெயிப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்து உட்கார்ந்தேன். ஆனால் இந்தத் தொடர் தோல்வியைக் கெட்ட காலமாகப் பார்ப்பதில்லை. தோல்விக்குக் காரணம் உண்டு, அது ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மாதிரி ஒளிந்திருக்கிறது, பொறுமையாகத் தேடினால் கிடைக்கும் என்று பார்க்கிறது. தட்சுமி கிளப் கட்டடத்திலேயே ஓர் அறையில் தங்கி, ராத்திரி முழுக்கப் பழைய ஆட்டங்களை ஓடவிட்டுப் பார்க்கிறார். அந்தக் காட்சிகள் எனக்கு கோல்களைவிடப் பிடிக்கும்.

முராகோஷியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அணியின் கேப்டன். கிளப் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியபோதும் விட்டுப் போகாதவர். ரசிகர்கள் அவரை 'மிஸ்டர் ஈடியூ' என்கிறார்கள். தட்சுமி வந்ததும் அவரிடமிருந்து கேப்டன் பதவியைப் பிடுங்கிவிடுகிறார்.

முதல்முறை பார்த்தபோது எனக்குக் கோபமே வந்தது. இத்தனை வருடம் கிளப்பைத் தோளில் சுமந்த மனிதருக்கு இதுவா மரியாதை? அப்புறம் யோசித்தபோதுதான் உறைத்தது. அவர் சுமந்ததுதான் சிக்கலே. கிளப்பின் கடன், ரசிகர்களின் கோபம், இளம் பையன்களின் பயம் என்று எல்லாவற்றையும் அவர் தலையில் ஏற்றிக்கொண்டதால், மற்ற பத்துப் பேர் எதையும் சுமக்கவில்லை. சுமந்து சுமந்து அவருடைய ஆட்டமும் காணாமல் போயிருந்தது. எங்கள் அணியிலும் இப்படி ஓர் அண்ணன் இருந்தார். எல்லாத் தவறுக்கும் "என் மேலதான் தப்பு" என்பார். அப்போது அது பெருந்தன்மை என்று நினைத்தோம். அவர் அப்படிச் சொன்ன ஒவ்வொரு முறையும் நாங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போனோம் என்பது இந்த அனிமேயைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் சுபாகி. ஏழாம் நம்பர் சட்டை, ஒரு காலத்தில் தட்சுமி போட்டிருந்த அதே எண். அபாரமாக ஓடுவான். ஆனால் பயந்தவன். ஒரு தப்பான பாஸ் போட்டுவிட்டால் போதும், மிச்ச ஆட்டம் முழுக்க அவன் உடம்பு அதைப் பேசிக்கொண்டே இருக்கும். யாரும் இல்லாத இரவு மைதானத்தில் தனியாகப் பயிற்சி செய்கிறவனுக்குப் பகலில் கால் கட்டிப்போகிறது. அவனிடம் தட்சுமி பயப்படாதே என்று சொல்வதில்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் சொதப்பு, பதிலுக்கு ஒரே ஓர் ஆட்டத்தால் பார்க்கிறவர்களை மயக்கு என்கிறார். உனக்குள்ளேயே ஒரு ஜயண்ட் கில்லிங்கை நடத்து என்கிறார்.

பயிற்சியாளர் ஒருவர் வீரனுக்குத் தரக்கூடிய பெரிய விஷயம் தவறு செய்ய இடம் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கு அது கிடைக்கவில்லை. ஒரு ஆட்டத்தில் பந்தைப் பின்னால் தட்டிக்கொடுக்கப் போய் எதிரணி ஃபார்வர்டுக்கே கொடுத்துவிட்டேன். அதன்பின் ஒரு சீசன் முழுக்கப் பந்து வந்தாலே கண்ணை மூடிக்கொண்டு வெளியே உதைத்தேன். யாரும் திட்டவில்லை. வெளியே உதைப்பது பத்திரம், அவ்வளவுதான். பயம் பார்ப்பதற்குப் பத்திரமாக ஆடுவது போலவே இருக்கும். சுபாகி தலை குனிந்து பக்கத்தில் நிற்பவனுக்குப் பந்தைத் தள்ளிவிடும்போதெல்லாம் என் வலது கால் தானாக இழுத்துக்கொள்கிறது.

பள்ளி விளையாட்டு அனிமேக்களில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: தோற்றால் கிளப்பே இல்லாமல் போகலாம் என்ற நிஜமான பயம். ஸ்பான்சர், டிக்கெட், சம்பளம், வயதாகும் முழங்கால் எல்லாம் வருகிறது. இது மிகையல்ல. ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்துத் தொடரான ஜே லீக் 1993-இல் பத்துக் கிளப்புகளோடு தொடங்கியது. அவற்றில் ஒன்றான யோகோஹாமா ஃப்ளூகெல்ஸ், பணநெருக்கடியால் மரினோஸ் என்ற இன்னொரு கிளப்போடு இணைக்கப்படும் என்று 1998 அக்டோபரில் அறிவித்தார்கள். அந்த வீரர்கள் அதன்பின் பேரரசர் கோப்பை என்ற ஜப்பானிய நாக்-அவுட் போட்டியில் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. 1999 ஜனவரி 1 அன்று இறுதிப் போட்டியில் ஷிமிசு அணியை 2-1 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கினார்கள். அதோடு கிளப் முடிந்தது. இதைப் படித்த பிறகு ஈடியூவின் பொது மேலாளர் கோட்டோ கவலையோடு நிற்கும் காட்சிகளைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

ரசிகர்கள் மேல் இந்தக் கதைக்கு இருக்கும் மரியாதையும் பெரிது. ஹாட்டா என்பவரின் தலைமையில் கோல் பின்னால் நின்று முழங்கும் இளைஞர் கூட்டம் ஒரு பக்கம். பழைய நாட்களில் வந்து, நடுவில் விட்டுப்போய், இப்போது மெல்லத் திரும்பும் பெரியவர்கள் இன்னொரு பக்கம். அணி கீழே கிடந்தபோது நாங்கள்தான் இருந்தோம், இப்போது நீங்கள் யார் என்று இளைஞர்கள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. கதை யாரையும் வில்லனாக்காமல் அந்தச் சண்டையை ஓடவிடுகிறது.

குறைகளும் உண்டு. தூரக் காட்சிகளில் வீரர்கள் கணினி பொம்மைகளாக விறைப்பாக ஓடுவார்கள். புதிதாக வந்த கால்பந்து அனிமேக்களின் பளபளப்பு இதில் கிடையாது. எனக்கு அது உறுத்தவில்லை. பந்து இல்லாத இடத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதை இவ்வளவு அக்கறையாகக் காட்டிய தொடரை நான் வேறு பார்த்ததில்லை. டிஃபெண்டராக ஆடியவனுக்கு அதுதான் முக்கியம். ஒரு கோல், அது விழுவதற்கு இருபது விநாடி முன்பே, யாரோ நான்கு அடி தள்ளி நின்றதில் தொடங்கிவிடும்.

கடைசியில் வரும் ஒசாகா கன்னர்ஸ் ஆட்டம் பல எபிசோடுகளுக்கு நீள்கிறது. ஈடியூ இரண்டு கோல் வாங்குகிறது. முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்குப் பழக்கமான அந்த அமைதி எப்போது வரும் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்சுமி பெஞ்ச் பக்கம் கலங்காமல் இருக்கிறார். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். பார்க்காதவர்கள் அங்கே தாங்களாகவே போய்ச் சேர வேண்டும்.

சுனாமோட்டோ கதை எழுத, சுஜிடோமோ வரையும் மூல மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) 2007-இல் தொடங்கியது. 60 தொகுதிகளைத் தாண்டிவிட்டது. அனிமே நின்ற இடத்திலிருந்து நேற்று ராத்திரி படிக்க ஆரம்பித்திருக்கிறேன்.