லண்டனில் 12 பவுண்டு குவளையும் பெத்னல் கிரீன் படிக்கட்டும்

12 பவுண்டு கொடுத்தால் லண்டனில் ஒரு பீங்கான் குவளை கிடைக்கும். சிவப்புப் பின்னணி, மேலே ஒரு கிரீடம், கீழே 'பதறாதீர்கள், வேலையைப் பாருங்கள்' என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம். துண்டு, சாவிக்கொத்து, நாய்ச்சட்டை என்று எதைத் தொட்டாலும் அதே வாசகம்தான். இரண்டாம் உலகப் போரின்போது இதைப் படித்துத்தான் லண்டன் மக்கள் தைரியமாக இருந்தார்கள் என்று கடைக்காரர் சொன்னார். சுத்தப் புளுகு. 1939-இல் அரசாங்கம் இந்தச் சுவரொட்டியை இருபது லட்சத்துக்கும் மேல் அச்சடித்தது உண்மை. ஆனால் பொது இடங்களில் ஒட்டியது மிகக் குறைவு. பெரும்பகுதி காகிதக் கூழாகப் போனது. 2000-இல் வடக்கே ஆல்னிக் ஊரில் ஒரு பழைய புத்தகக் கடையில் பிரதி ஒன்று கிடைத்த பிறகுதான் இத்தனை கூத்தும்.

நான் வாங்கவில்லை. ஈஸ்ட் ஹாமில் சித்தி மகன் வீட்டில் தங்கியதால் அறை வாடகை மிச்சமானது. அதைக் குவளையில் கொட்டுவதற்கா அங்கே தங்கினேன்? போர்க்காலப் பிரதமர் சர்ச்சிலின் நிலவறை அலுவலகத்துக்கும் போகவில்லை. டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல். தவிர, 1943-இல் வங்காளம் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது அவர் நடந்துகொண்ட விதத்தை நினைத்தால் பணப்பையைத் திறக்க எனக்குக் கை வரவில்லை.

லாம்பெத்தில் இருக்கும் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. முன்பு மனநல மருத்துவமனையாக இருந்த கட்டடம். கூட்டமெல்லாம் ஏவுகணைகளையும் விமானங்களையும் படம் எடுத்துக்கொண்டு நிற்கிறது. நான் போனது சாதாரண மக்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று பார்க்க. 1940 ஜனவரி 8 அன்று பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை மூன்றுக்கும் ரேஷன் வந்தது. ஜூலையில் தேயிலையும் அதில் சேர்ந்தது: ஆளுக்கு வாரம் 57 கிராம். என் மாமியாருக்கு அது இரண்டு நாள் தாங்கினால் அதிகம். இலங்கை மலையகத்தில் நம் மக்கள் பறித்து அனுப்பிய கொழுந்தும் அந்தப் பங்கீட்டில் சேர்ந்திருந்தது. அதைக் கொதிக்கவைத்துக் குடித்தவர்களில் எத்தனை பேர் அதை யோசித்திருப்பார்களோ! துணிக்கு 1941-இல் கூப்பன் வந்தது. எனக்கு வியப்பாக இருந்தது ரொட்டி விவகாரம். குண்டு விழுந்த ஆண்டுகளில் ரொட்டிக்கு ரேஷன் இல்லை. வெற்றி பெற்ற பிறகு 1946-இல் விதித்தார்கள். இறைச்சிக் கட்டுப்பாடு நீங்க 1954 ஜூலை ஆகிவிட்டது. வென்ற நாட்டின் இல்லத்தரசி ஒன்பது ஆண்டுகள் வரிசையில் நின்றிருக்கிறாள்!

மறுநாள் ஞாயிறு. பராமரிப்பு வேலை என்று ரயிலை நிறுத்திவிட்டு மாற்றுப் பேருந்து விட்டார்கள். அதைப் பேருந்து என்று சொல்வது மரியாதைக்காகத்தான். நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். வந்த வண்டியில் ஜன்னல் திறக்கவில்லை, வெப்பக்காற்று இயந்திரம் நிற்கவில்லை. இடையில் ஒரு கார் ஓட்டுநர் நடக்கிற தூரத்துக்கு 30 பவுண்டு கேட்டார். "அக்கா, பதில் சொல்லாமல் நடங்கள்" என்று தம்பி இழுத்துக்கொண்டு போனான். பேருந்து நகர்ந்த வேகத்தில் எனக்கு இருட்டடிப்புக் காலம்தான் நினைவுக்கு வந்தது. எதிரி விமானங்களுக்கு ஊர் தெரியக்கூடாது என்று 1939 செப்டம்பரில் தெருவிளக்குகளை அணைத்ததும், குண்டு விழுவதற்கு முன்பே சாலை விபத்துச் சாவுகள் முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்காயின. நடைபாதை ஓரத்துக்கும் மரங்களுக்கும் வெள்ளை அடித்துச் சமாளித்தார்கள்.

பெத்னல் கிரீன் நிலத்தடி நிலையத்தில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளைப் பாருங்கள். 1940 செப்டம்பரில் குண்டுவீச்சு தொடங்கியபோது, நிலத்தடி ரயில் நிலையங்களில் மக்கள் தங்க அரசாங்கம் விரும்பவில்லை. மக்களோ மிகக் குறைந்த விலை டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போர்வையோடு இறங்கினார்கள். மேலே வர மறுத்தார்கள். அரசாங்கம் பணிந்தது. வாசகம் சொல்வதுபோல் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்கள்! பெத்னல் கிரீனில் அப்போது ரயில் ஓடவில்லை; நிலையமே பாதி கட்டிய நிலையில் இருந்தது. அதற்குள் ஆயிரக்கணக்கான படுக்கைகள், நூலகம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் அமைந்தன.

1943 மார்ச் 3 இரவு விமானத் தாக்குதல் எச்சரிக்கைச் சங்கு ஊதியது. பக்கத்து விக்டோரியா பூங்காவிலிருந்து புதுவகை விமான எதிர்ப்பு ராக்கெட்டுகள் கிளம்பின. அந்தச் சத்தத்தைக் குண்டு என்று நினைத்து மக்கள் முண்டினார்கள். ஈரப்படியில் ஒரு பெண் தடுமாறி விழ, மேலே மேலே விழுந்து 173 பேர் மூச்சுத் திணறிச் செத்தார்கள். அதில் 62 பேர் குழந்தைகள். அன்று அங்கே ஒரு குண்டுகூட விழவில்லை. மங்கலான ஒரே விளக்கு, நடுவில் கைப்பிடி இல்லை. அந்த நுழைவாயிலைச் சரிசெய்ய உள்ளாட்சி மன்றம் 1941-லேயே கேட்டிருக்கிறது; மேலிடம் மறுத்துவிட்டது. விசாரணை அறிக்கையையும் 1945 வரை வெளியிடவில்லை. நிலைய வாசலுக்கு அருகே தலைகீழாகத் தொங்கும் மரப் படிக்கட்டாக நினைவுச்சின்னம் எழும்பியது 2017-இல்தான். இலவசம், ஆனால் நான் நின்றிருந்தபோது வேறு யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பசி. அருகில் ஒரு சின்னக் கடையில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும், 13 பவுண்டு. விலையைப் பார்த்து முணுமுணுத்தேன், தின்ற பிறகு வாயை மூடிக்கொண்டேன். மேல்மாவு அப்பளமாக நொறுங்கியது, உள்ளே வெள்ளை வெளேரென்ற மீன், மேலே வினிகர். தட்டைவிட நீளமான துண்டு! நானும் தம்பியும் பகிர்ந்துகொண்டதால் ஆளுக்கு ஆறரை பவுண்டுதான். போர் முழுவதும் ரேஷனுக்குள் வராத உணவு இது. தடுத்தால் உழைக்கும் மக்கள் கொதித்துவிடுவார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கிறது.

கடைசியாக கிளாப்ஹம் சவுத் ஆழ்நிலைப் பதுங்கிடம். செலவு இங்கேதான் எகிறியது. ஆனால் இதற்கு மட்டும் பணம் கொடுங்கள் என்பேன். சுமார் 180 படிகள் இறங்கினால், 8,000 பேர் படுக்கக் கட்டிய சுரங்கங்கள். 1942-இல் வேலை முடிந்தாலும், ஆளில்லாப் பறக்கும் குண்டுகள் வந்த 1944-இல்தான் மக்களுக்குத் திறந்தார்கள். 1948-இல் விண்ட்ரஷ் கப்பலில் ஜமைக்காவிலிருந்து வந்தவர்களில் 200-க்கும் மேற்பட்டோரை முதலில் இங்கேதான் தங்கவைத்தார்கள். மிக அருகிலிருந்த வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டன் பகுதியில் இருந்ததால் அவர்களில் பலர் அந்தப் பகுதியிலேயே குடியேறினார்கள்.

டிக்கெட்டை வாரங்களுக்கு முன்பே பதிவு செய்யுங்கள், வாசலில் கிடைக்காது. உள்ளே குளிரும், ஒரு சால்வை வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதை விட்டுவிட்டு லாம்பெத்துக்கே போகலாம், அங்கே மின்தூக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கே போவதாக இருந்தாலும் ரயில் ஓடுகிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.