டிரமடால் வேண்டாம் என்று வாயால் சொன்னால் போதாது

அம்மாவின் இடது முழங்கால் ஆபரேஷனும் ஒருவழியாக முடிந்தது. போன முறை வலது காலுக்கு டிரமடால் என்ற வலி ஊசியைப் போட்டுப் போட்டு, வலி போனதோ இல்லையோ, வாந்தியும் தலைசுற்றலும் மலச்சிக்கலுமாக ஆளையே சாய்த்துவிட்டது. பிசியோதெரபிஸ்ட் நிற்கச் சொன்னாலே குமட்டும். அதனால் இந்த முறை மயக்க மருந்து டாக்டரைப் பார்த்ததுமே பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை நீட்டினேன்.

தங்கமான மனுஷர். முதுகில் ஊசி, கூடவே தொடையில் அடக்டர் கேனல் பிளாக், அதாவது நரம்பை மரக்கவைக்கும் ஊசி. முழங்கால் வலி மரத்துவிடும், தொடைத் தசை பலம் அவ்வளவாகக் குறையாது, சீக்கிரம் நடக்கலாம் என்றார். 6 மணிக்கொருமுறை 1 கிராம் பாராசிட்டமால், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் டெஸ்ட் சரியாக இருந்ததால் எடோரிகாக்சிப் என்ற வலி மாத்திரை, ஐஸ் பேக். தாங்கவே முடியாவிட்டால் மட்டும் டிரமடால். ஆபரேஷனில் ஒரு குறையும் இல்லை.

வம்பு வார்டில் ஆரம்பித்தது. சார்ட்டில் எல்லாருக்கும் எழுதுவது போல டிரமடாலை 8 மணிக்கொருமுறை என்று எழுதிவைத்திருந்தார்கள். வலிக்கிறதா என்றுகூடக் கேட்காமல் சிஸ்டர் ஊசியோடு வந்து நின்றார். "சார்ட்ல இருக்கு மேடம், போடலன்னா என்னத்தான் கேப்பாங்க." அதுவும் நியாயம்தான். டியூட்டி டாக்டரோ காலையில் பார்க்கலாம் என்றார். 2018-இலிருந்து டிரமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. மாம்பலத்து மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் கேட்டால் முறைப்பார்கள். இங்கே கேட்காமலே வருகிறது! மயக்க டாக்டர் எழுதிய தாளை போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டி, அவருக்கே போன் போடவைத்த பிறகுதான் அந்த வரியை அடித்தார்கள்.

ஒன்று கவனியுங்கள்: பிளாக்கின் மரப்பு விடும்போது வலி சட்டென்று ஏறும். அதற்கு முன்பே மாத்திரை உள்ளே போயிருக்க வேண்டும். அந்த நேரத்தை சிஸ்டரிடம் கேட்டு அலாரம் வையுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டிலும் அதே கதை. டிரமடாலும் பாராசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை, அதற்குக் கீழேயே பாராசிட்டமால் 1 கிராம் நான்கு வேளை. பாராசிட்டமால் நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. தனி மாத்திரையிலேயே 4 கிராம் ஆகிவிடுகிறது. டாக்டரிடம் கேட்டதும் சேர்ப்பு மாத்திரையை எடுத்துவிட்டார்.

கடைசியில் பில் கவுன்டர். பேக்கேஜில் பிளாக் கிடையாதாம், தனிக் கட்டணம். அட்மிஷன் போடும்போதே கேட்டுவிடுங்கள். நான் அங்கே மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அம்மா வாக்கரோடு தானே நடந்து வந்து, "இன்னும் எவ்ளோ நேரம்டி?" என்றார்.