தலையில் புள்ளி வைத்த ஸ்க்ரூ

ஜப்பான் பைக் ஒன்றின் முன் பிரேக் ஆயில் டப்பா மூடியைப் பாருங்கள். இரண்டு சின்ன ஸ்டார் ஸ்க்ரூ இருக்கும். பழைய வண்டி என்றால் அதில் ஒன்றாவது வழுக்கி, நடுக்குழி வட்டமாகிக் கிடக்கும். கழற்றியவரின் கைமேல் குறை சொல்ல வேண்டாம். பெரும்பாலும் அவர் கையில் இருந்த திருப்புளிதான் அந்த ஸ்க்ரூவுக்குப் பிறந்தது அல்ல.

ஸ்டார் என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுவதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று பிலிப்ஸ். இன்னொன்று ஜப்பான் தொழில் தரநிலையான ஜேஐஎஸ் வகுத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்கூடச் சட்டென்று வித்தியாசம் தெரியாது. முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் தெரியும். பிலிப்ஸ் முனை கொஞ்சம் கூராக நீண்டிருக்கும், நான்கு இறக்கைகளும் சேரும் மூலைகளில் வளைவு அதிகம். ஜேஐஎஸ் முனை மொட்டையாக, மூலைகள் கூர்மையாக இருக்கும். பிலிப்ஸ் முனையை ஜேஐஎஸ் குழியில் விட்டால், இறக்கைகள் சுவரில் உட்காருவதற்கு முன்பே நுனி அடியில் முட்டி நின்றுவிடும். அந்த நிலையில் திருப்பினால் முனை மேலே ஏறும், ஏறும்போதே சுவரைச் சீவிவிடும். மூன்றே முறை அப்படி ஏறினால் போதும், குழி கிண்ணம் மாதிரி ஆகிவிடும்.

ஜேஐஎஸ் ஸ்க்ரூக்கள் பலவற்றின் தலையில் குறுக்குக் குழிக்குப் பக்கத்தில் ஒரு சிறு புள்ளி இருக்கும். புள்ளி இல்லாவிட்டால் ஜேஐஎஸ் இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். ஜப்பான் வண்டியில் முதலிலிருந்தே வந்த ஸ்க்ரூ என்றால் ஜேஐஎஸ் திருப்புளியையே எடுங்கள். ஜேஐஎஸ் முனை பிலிப்ஸ் ஸ்க்ரூவிலும் நன்றாகவே உட்காரும். அதனால் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஜேஐஎஸ்தான் வாங்க வேண்டும்.

முனையின் அளவைக் குறிக்கும் எண்ணும் முக்கியம். 3 முதல் 5 மி.மீ. வரையுள்ள ஸ்க்ரூக்கு 2-ஆம் எண், 6 மி.மீ.க்கு 3-ஆம் எண், 3 மி.மீ.க்குக் கீழே 1-ஆம் எண். ஹோண்டா கார்களில் முன் டிஸ்க்கைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூக்களும் 3-ஆம் எண். அதில் 2-ஆம் எண் முனையை வைத்து முயன்று கெடுத்துக்கொள்பவர்கள் ஏராளம். பொருத்தம் சரியா என்று பார்க்க ஒரு வழி: மேல்நோக்கி இருக்கும் ஸ்க்ரூவில் முனையை நுழைத்துவிட்டுக் கையை எடுங்கள். சரியான முனை ஆடாமல் செங்குத்தாக நிற்கும். சாய்ந்து விழுந்தால் அது அந்த ஸ்க்ரூவுக்கானது இல்லை.

ஜப்பான் மெக்கானிக்குகள் சொல்லும் கணக்கு, ஏழு பங்கு அழுத்தம், மூன்று பங்கு திருப்பல். இறுகிய ஸ்க்ரூவைக் கழற்றும்போது கவனம் முழுவதும் அழுத்தத்தில் இருக்க வேண்டும். உள்ளங்கையைக் கைப்பிடியின் பின்பக்கத்தில் வைத்து, உடம்பின் எடையைக் கொடுத்து, மறு கையால் மெதுவாகத் திருப்புங்கள்.

துருப்பிடித்த ஸ்க்ரூவில் முதலில் திருப்புளியை வைக்கவே கூடாது. ஊசிமுனையால் குழியில் உள்ள பெயின்ட், மண், துரு எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். அடியில் அரை மி.மீ. அழுக்கு இருந்தாலே முனை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். பிறகு துரு இளக்கும் எண்ணெய் விட்டுப் பொறுத்திருங்கள். அடுத்தது தட்டு. இதற்காகவே ஜப்பானில் கந்த்சூ என்று ஒரு வகைத் திருப்புளி இருக்கிறது. கம்பி கைப்பிடியை ஊடுருவிப் பின்பக்க உலோகத் தொப்பி வரை வரும். சுத்தியல் அடி நேராக ஸ்க்ரூ தலைக்குப் போகும், மரையில் இருக்கும் துரு உடையும். சாதாரண பிளாஸ்டிக் கைப்பிடியில் இப்படித் தட்டினால் பிளந்துவிடும். ஒரே எச்சரிக்கை: கம்பி கைப்பிடிக்கு வெளியே வரை வருவதால் மின்சார வேலைக்குக் கந்த்சூ வகையை எடுக்கக் கூடாது.

ஒசாகாவின் வெஸ்ஸல் நிறுவனம் 1916-லிருந்து இருக்கிறது. அவர்களுடைய இம்பாக்டா என்ற 980 மாடலை, ஜப்பான் வண்டி வைத்திருக்கும் எவருக்கும் முதல் கருவியாகச் சொல்வேன். பார்க்கச் சாதாரண கந்த்சூ மாதிரிதான் இருக்கும். பின்பக்கத்தில் சுத்தியலால் அடித்தால் முனை ஒவ்வொரு அடிக்கும் 12 டிகிரி வரை கழற்றும் பக்கம் தானாகச் சுழலும். அடி கீழே அழுத்துகிற அதே நொடியில் திருப்பமும் நடப்பதால் முனை மேலே ஏற வழியே இல்லை. அடிப்பதற்கு முன் கைப்பிடியைக் கழற்றும் திசையில் திருகிப் பிடித்துக்கொள்ள வேண்டும். தளர்வாகப் பிடித்தால் பாதி வேகம் வீணாகும். கார்புரேட்டர் கிண்ணம், சுவிட்ச் பெட்டி, இன்ஜின் பக்க மூடி ஆகியவற்றுக்கு இது போதும். டிஸ்க் ஸ்க்ரூ போல 3-ஆம் எண்ணில் வருடக்கணக்காக வெப்பம் தின்று இறுகியதற்கு, முனை மாட்டும் சதுரம் 12.7 மி.மீ. உள்ள, சுத்தியலால் அடிக்கும் கனமான அடி-டிரைவரே சரி.

எல்லாம் செய்தும் தலை போய்விட்டதா? தலை மேலே தூக்கி நிற்கும் வகை என்றால் எஞ்சினியர் நிறுவனத்தின் நெஜி-சாரஸ் பிளேயர் இருக்கிறது. சாதாரண பிளேயரின் பற்கள் குறுக்காக ஓடும், உருண்டைத் தலையில் வழுக்கும். இதன் வாய் நுனியில் பற்கள் நெடுக்காகவும் வெட்டப்பட்டிருக்கும், தலையை நேர் மேலிருந்து கவ்வலாம். ஆனால் பிரேக் டப்பா மூடியின் ஸ்க்ரூ பதிந்த தலை, கவ்வ இடமே இல்லை. அங்கே மூடியைக் கழற்றாமல் 4 மி.மீ. டிரில்லால் நடுவில் துளைத்துத் தலையை மட்டும் வெட்டி எடுங்கள். உலோகத் தூளைச் சுத்தமாகத் துடைத்த பிறகே மூடியைத் தூக்க வேண்டும். பிரேக் ஆயிலில் ஒரு துகள்கூட விழக்கூடாது. மீதி நிற்கும் காலைப் பிளேயரால் பிடித்துத் திருகினால் வந்துவிடும், இறுக்கம் தலையோடு போய்விட்டதல்லவா.

இனி சாக்கெட், அதாவது போல்ட் தலைமேல் கவிழ்த்து மாட்டும் குழல். ஜப்பான் வண்டிகளின் போல்ட் தலை அளவுகள் ஐரோப்பிய வண்டிகளிலிருந்து மாறும். மரை 8 மி.மீ. என்றால் ஜப்பானில் தலை 12, ஐரோப்பாவில் 13. மரை 10 என்றால் 14, அங்கே 16 அல்லது 17. மரை 12 என்றால் 17, அங்கே 18 அல்லது 19. மரை 6-க்கு இரண்டிலும் 10, சிறிய விளிம்புள்ள போல்ட்டில் 8. ஆகவே ஜப்பான் வண்டிக்கு 8, 10, 12, 14, 17, 19, 21 என்ற ஏழு சாக்கெட் இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். நாற்பது ஐம்பது உருப்படி கொண்ட பெட்டி வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பாதி எண்கள் பெட்டியிலேயே புதிதாகக் கிடக்கும். அந்தப் பணத்தில் இந்த ஏழையும் நல்ல தரத்தில் வாங்கலாம். வீல் நட்டுக்கு டொயோட்டா, நிஸ்ஸான் கார்களில் பெரும்பாலும் 21, ஹோண்டா, சுஸுகியில் 19. ஒரு நட்டை இன்னொரு வண்டியில் போட்டுப் பார்க்காதீர்கள்: டொயோட்டாவும் ஹோண்டாவும் 1.5 மி.மீ. மரை இடைவெளி, நிஸ்ஸானும் சுஸுகியும் பெரும்பாலும் 1.25. ஒரு சுற்று ஏறுவது போலத் தோன்றி, பிறகு ஸ்டட்டின் மரையையே அறுத்துவிடும்.

சாக்கெட்டில் ஆறுமுகம்தான் வாங்க வேண்டும். பன்னிரண்டு முகம் இறங்க எளிது, ஆனால் தொடும் பரப்பு குறைவு. நல்ல ஜப்பான் சாக்கெட்டின் உள்ளே பார்த்தால் ஆறு மூலைகளும் சற்றே பள்ளமாக விடப்பட்டிருக்கும். போல்ட்டின் மூலையில் விசை விழாமல், மூலையிலிருந்து கொஞ்சம் தள்ளித் தட்டைப் பக்கத்தில் விழ வேண்டும் என்பதற்காக. மலிவான சாக்கெட்டில் அந்தப் பள்ளம் இருந்தாலும் அளவு தளர்வாக இருப்பதால் பலன் இல்லை. கையில் போல்ட்டை வைத்துச் சாக்கெட்டை மாட்டி இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். வித்தியாசம் விரலிலேயே தெரியும்.

கோக்கென் என்ற ஜப்பான் நிறுவனம் 1946-இல் தொடங்கியது, சாக்கெட்டும் அதைத் திருப்பும் கருவிகளும்தான் அவர்கள் தொழில். அவர்களுடைய எண்களைப் படிக்கத் தெரிந்துகொண்டால் தவறாக வாங்க மாட்டீர்கள். முதல் இலக்கம், கைப்பிடியின் முனை நுழையும் சதுரத்தின் அளவு: 2 என்றால் 6.35 மி.மீ., 3 என்றால் 9.5, 4 என்றால் 12.7. 3400எம் என்பது 9.5 சதுரம், ஆறுமுகம், குட்டை. 3300எம் அதே நீளமானது. 3405எம் பன்னிரண்டு முகம். முன்னால் 1 சேர்ந்து 14400எம் என்று வந்தால் அது காற்று அல்லது பேட்டரியில் ஓடி, அடித்துத் திருப்பும் இம்பாக்ட் கருவிக்கான கறுப்புச் சாக்கெட். கடைசியில் இசட் வந்தால் இசட்-ஈல் என்ற மெல்லிய, குறுகிய வரிசை. கியோட்டோவின் கேடிசி நிறுவனத்தில் பி2, பி3, பி4 என்று அதே சதுரங்கள். முன்னால் என் சேர்ந்தால் அது அவர்களின் உயர்வகையான நெப்ரோஸ். பளபளப்பும் மெருகும் அழகுதான், ஆனால் அதே பணத்தில் கேடிசியின் சாதாரண வரிசை நிறையவே கிடைக்கும், பிடிப்பில் குறை வைக்காது. ஜப்பான் பெயர் இருப்பதாலேயே எல்லாம் ஜப்பானில் செய்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. அது முக்கியம் என்றால் கருவியின் மேல் உள்ள அச்சைப் பார்த்து வாங்குங்கள்.

சாக்கெட்டைக் கழற்றாமலே முன்னும் பின்னும் ஆட்டித் திருப்பும் கைப்பிடிதான் ரேட்செட். முதலில் வாங்குவது 9.5 சதுரமாக இருக்கட்டும். இறுகிய போல்ட்டை உடைக்க ரேட்செட்டைப் பயன்படுத்தாதீர்கள், அதன்மேல் குழாய் மாட்டவும் வேண்டாம். உள்ளே இருக்கும் சின்னப் பற்களில்தான் முழு விசையும் விழும். நீளக் கைப்பிடியான ஸ்பின்னரால் கால் சுற்று இளக்கிவிட்டு, பிறகு ரேட்செட்டுக்கு வாருங்கள். வெள்ளி நிறச் சாக்கெட்டை இம்பாக்டில் மாட்டுவதும் கூடாது. அது கடினமாகப் பதப்படுத்தியது, அடி தாங்காமல் சிதறும்.

ஸ்பேனரில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரிங் ஸ்பேனரை ஜப்பானில் மெகானே என்பார்கள், மூக்குக் கண்ணாடி என்று பொருள். இரண்டு வட்டமும் வளைந்த காம்பும் பார்க்க அப்படித்தான் இருக்கும். 10×12, 14×17 இரண்டும் போதும். அவற்றைவிட அவசரமாக வாங்க வேண்டியது பிரேக் பைப்பின் நட்டுக்கான வாய் வெட்டிய ரிங் ஸ்பேனர். ஜப்பான் கார்களில் அந்த நட்டு பெரும்பாலும் 10 மி.மீ. தலை, மென்மையானது. சாதாரண ஓப்பன் ஸ்பேனர் இரண்டே முகத்தைத் தொடும், ஒரு முறை வழுக்கினால் பைப்பையே மாற்ற வேண்டி வரும்.

வைத்த அளவு இறுக்கம் வந்ததும் கிளிக் என்று உணர்த்தும் டார்க் ரெஞ்ச் விஷயத்தில், 1949 முதல் இருக்கும் டோஹ்னிச்சி நிறுவனம். அவர்களின் கியூஎல்50என் மாடல் 10 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை. ஹோண்டா பைக் கையேடுகளின் பொது அட்டவணையில் 6 மி.மீ. போல்ட்டுக்கு 10, 8-க்கு 22, 10-க்கு 34 என்று இருக்கும். கார்களின் ஆயில் வடிகால் போல்ட் 40-ஐ ஒட்டி வரும். எல்லாம் இந்த ஒன்றிலேயே அடங்கும். வீல் நட்டுக்கு ஹோண்டாவில் 108, டொயோட்டாவில் 103 வேண்டும், அதற்கு 30 முதல் 140 வரையுள்ள கியூஎல்140என். ஒன்றே எல்லாவற்றுக்கும் என்று 200 வரை போகும் ரெஞ்சை வாங்கி 10-ல் இறுக்க முயல்வதுதான் அலுமினியத்தில் மரை போவதற்குப் பெரிய காரணம். அவ்வளவு கீழே அதற்கு அளவே இல்லை, அல்லது கிளிக் கைக்கு உணராது.

கிளிக் ஒரு முறைதான். உறுதிக்காக இன்னொரு முறை என்று இழுத்தால் ஒவ்வொரு இழுப்பிலும் போல்ட் இன்னும் கொஞ்சம் இறுகும். கைப்பிடியின் நடுக்கோட்டில் விரல் வைத்து, ஒரே சீராக இழுங்கள். பழைய ரெஞ்ச் வாங்கினால் அளவுகோல் கிலோ-சென்டிமீட்டரில் இருக்கலாம்: 100 என்றால் 9.8 நியூட்டன் மீட்டர். அதை நியூட்டன் மீட்டர் என்று எண்ணிக்கொண்டு 10-ல் வைத்தால் பத்தில் ஒரு பங்குதான் இறுகும். பழையதை அளவு சரிபார்த்த பிறகே நம்ப வேண்டும்.

மற்ற கருவிகள் பழையதாக வாங்கினால் சாக்கெட்டின் உள்ளே விளக்கடித்துப் பாருங்கள், மூலைகள் உருண்டிருந்தால் விட்டுவிடுங்கள். குரோம் உரிந்து செதில் செதிலாக நிற்பதும் வேண்டாம், கையை அறுக்கும். ரேட்செட்டில் இரண்டு பக்கமும் மாற்றித் திருப்பிச் சத்தம் சீராக வருகிறதா என்று கேளுங்கள். அது தேய்ந்திருந்தாலும் கோக்கென், நெப்ரோஸ் ரேட்செட்டுகளுக்கு உள்பாக மாற்றுப் பெட்டி கிடைக்கிறது. பிரித்தால் உள்ளே கெட்டியான கிரீஸை அடைக்காதீர்கள், பல் ஒட்டிக்கொண்டு பின்னால் குதிக்காது. லேசான எண்ணெய் ஓரிரு துளி போதும். வேலை முடிந்ததும் டார்க் ரெஞ்சை அதன் குறைந்தபட்ச எண்ணுக்குத் திருப்பி வையுங்கள், அதற்கும் கீழே இறக்க வேண்டாம். திருப்புளி முனையில் இறக்கைகளின் ஓரம் உருண்டு பளபளக்க ஆரம்பித்தால் தீட்டிப் பயனில்லை, புதிது எடுத்துவிடுங்கள்.