ஒரு டோஸ் ஏறுவதற்கு முன்னால்

அம்மாவின் இடது உள்ளங்காலில் இருந்த கறுப்புத் திட்டை, ரத்தம் கட்டியிருக்கிறது என்று நினைத்து ஒரு வருடம் விட்டுவிட்டோம். மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று தெரிந்தபோது அது தொடையிடுக்கு நிணநீர் முடிச்சுக்கும் நுரையீரலுக்கும் போயிருந்தது. நான்காம் நிலை. கறுத்த தோலில் தோல் புற்றுநோய் வராது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். வெயிலே படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் நம் நிறத்தவர்களுக்கு இது அதிகம் வருகிறது.

டாக்டர் அடுத்த திங்களே இம்யூனோதெரபி, அதாவது உடம்பின் நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிட்டுப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் சிகிச்சை, தொடங்கலாம் என்றார். கிளம்பும்போது, புதிய மருந்துகளை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகளைப் பற்றிச் சும்மா கேட்டு வைப்போமே என்றுதான் கேட்டேன்: "அம்மாவுக்குப் பொருந்துகிற மாதிரி கிளினிக்கல் ட்ரயல் ஏதாவது இருக்கிறதா?"

"ஒன்று இருக்கிறது. ஆனால் முடிவை இந்த வாரமே சொல்லுங்கள். ஒரு டோஸ் ஏறிவிட்டால் அதில் சேர முடியாது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லா மருந்தும் கைவிட்ட பிறகு கடைசியாகப் போகிற இடம்தான் ட்ரயல் என்று அதுவரை நினைத்திருந்தேன். சில ட்ரயல்கள் அப்படித்தான், முந்தைய மருந்து பலிக்காதவர்களை மட்டும் எடுக்கும். வேறு சில, பரவிய நோய்க்கு இன்னும் எந்த மருந்தும் எடுக்காதவர்களை மட்டும் எடுக்கும். அந்தத் திங்கட்கிழமை அம்மாவுக்கு ஊசி போட்டிருந்தால் இந்தக் கதவு எங்களுக்குத் தெரியாமலே மூடியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். முதல் சிகிச்சைக்கு முன்பே கேளுங்கள்.

ஒப்புதல் படிவம் 26 பக்கம். இரண்டு மாலைகள் அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். பாதிப் பேருக்கு வழக்கமான இம்யூனோதெரபி மருந்தான நிவோலுமாபுடன் ஒரு புதிய மருந்து, மீதிப் பேருக்கு நிவோலுமாபுடன் மருந்தில்லாத திரவம். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கலில் முடிவு செய்யும், டாக்டருக்கே தெரியாது. அம்மா அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். "எனக்கு வெறும் தண்ணீர் கிடைத்தால்?" மறுநாள் ட்ரயல் கோஆர்டினேட்டரிடம் அதையே கேட்டோம். அவர் பொறுமையாகச் சொன்னார்: "வழக்கமான மருந்து எல்லோருக்கும் உண்டும்மா. எப்போது வேண்டுமானாலும் நீங்கள் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. விலகினாலும் உங்கள் சிகிச்சை நிற்காது." புதிய மருந்தால் அம்மாவுக்குப் பலன் கிடைக்கும் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அந்த நேர்மையால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அம்மாவை முடிவெடுக்க வைத்தது வேறொன்று. இபிலிமுமாப் என்ற இன்னொரு இம்யூனோதெரபி மருந்து, நிவோலுமாப் இரண்டையும் சேர்த்தும் தனித்தனியாகவும் கொடுத்துப் பார்த்த பெரிய ட்ரயலில் 945 பேர் சேர்ந்தார்கள். இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 சதவீதம் பேர் பத்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள் என்று 2024இல் முடிவு வெளியானது. இந்த மருந்துகள் வருவதற்கு முன், அதாவது 2011க்கு முன், இந்த நிலையில் இருந்த பெரும்பாலோருக்கு ஒரு வருடம்கூடக் கிடைக்கவில்லை என்று டாக்டர் சொன்னார். உள்ளங்காலில் வரும் வகைக்கு இந்த மருந்துகளின் பலன் சற்றுக் குறைவு என்பதையும் மறைக்கவில்லை. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த 945 பேரும் என்ன ஆகும் என்று தெரியாமல்தானே உட்கார்ந்தார்கள்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கையெழுத்துப் போட்டதும் ட்ரயலில் சேர்ந்துவிட்டதாக நினைத்தேன். ட்ரயலுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கிரீனிங் அப்புறம்தான் தொடங்கியது. சி.டி., மூளைக்கு எம்.ஆர்.ஐ., இ.சி.ஜி., தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகள், ஹெபடைடிஸ், பி-ராஃப் மரபணு மாற்றம் எல்லாம் பார்த்தார்கள். அவற்றில் சிக்கல் இல்லை. சிக்கல் வந்தது இரண்டு இடத்தில்.

முதலாவது, பயாப்ஸி திசு. முதலில் பரிசோதித்த லேபில் கண்ணாடி ஸ்லைடுகளை மட்டும் கொடுத்தார்கள். ட்ரயலுக்கு வேண்டியது திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக். அதைத் தேடி எடுக்க ஒன்பது நாள் அலைய விட்டார்கள்.

இரண்டாவது, முழங்கால் வலிக்காக வேறொரு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை. அது பிரெட்னிசோலோன், தினம் 20 மி.கி. ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும், அதனால் 10 மி.கி.க்கு மேல் எடுப்பவரைச் சேர்க்க மாட்டார்கள். திடீரென்று நிறுத்தவும் கூடாது. படிப்படியாகக் குறைத்து, அதன்பின் இரண்டு வாரம் காத்திருந்தோம். அதற்குள் சி.டி. எடுத்து 28 நாள் தாண்டிவிட்டதால் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. கால்வலி மாத்திரைதானே என்று முதல் நாள் நான் அதைச் சொல்லாமல் விட்டேன். நீங்கள் போகும்போது வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

அந்த வாரங்கள் கொடுமையானவை. உடம்புக்குள் நோய் வளர்ந்துகொண்டிருக்க, நாங்கள் காகிதத்துக்காகக் காத்திருந்தோம். ஒரு இரவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வழக்கமான மருந்தையே தொடங்கிவிடலாம் என்று அழுதேன். மறுநாள் டாக்டரிடமே சொன்னேன். இன்னும் எத்தனை நாள் தாங்கும், எந்த நாளுக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று அவர் ஒரு தேதியைக் குறித்துக் கொடுத்தார். அந்தத் தேதிக்கு நான்கு நாள் முன்னால் முதல் டோஸ் ஏறியது.

இரண்டாம் மாதம் அம்மாவுக்குத் தாங்க முடியாத அசதி. ரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பு விழுந்திருந்தது. மருந்து தூண்டிவிட்ட எதிர்ப்பாற்றல் சொந்த உறுப்பையே தாக்குவதால் வருவது அது. இப்போது தினமும் தைராக்சின் எடுக்கிறார், பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டியிருக்கும். வயிற்றுப்போக்கு வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் அந்த நிமிடமே போன் செய்யச் சொல்லி ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். அது அம்மாவின் கைப்பையிலேயே இருக்கிறது.

பன்னிரண்டாம் வாரம் சி.டி. அளந்து குறித்த இரண்டு கட்டிகளும் சேர்ந்து 38 மி.மீ. இருந்தது 27 ஆகியிருந்தது. 30 சதவீதம் குறைந்தால்தான் பகுதி பலன் என்று எழுதுவார்களாம், எங்களுக்கு அதற்கு ஒரு சதவீதம் குறைவு. ஆகவே அறிக்கையில் 'நோய் நிலையாக உள்ளது' என்றுதான் இருக்கிறது. அம்மா எந்தப் பிரிவில் இருக்கிறார் என்று இன்னும் எங்களுக்குத் தெரியாது. அடுத்த டோஸ் வியாழக்கிழமை.